உஷ்ணத்துக்கு வழி விடுங்கள்!

கத்திரி வெயில் பிறந்தால் போதும், நம் வீடுகளில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் ஒரே விஷயத்தில் வந்து நிற்கிறது. "உங்கள் வீட்டு ஏ.ஸி. எப்படி?" என்று ஆரம்பித்து, "கரண்ட் பில் எவ்வளவு?" என்று முடிகிறது. மாவடுவுக்கு உப்புக் கணக்குச் சொன்ன மாமிகள் எல்லாம் இன்று டன் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அந்த யந்திரத்தை எப்படிப் பேண வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "அதற்கென்ன? கெட்டுப் போனால் மெக்கானிக் வருகிறார்" என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன், திருநாவலூருக்குப் போய்விட்டு வருகிற வரையில்.

திருநாவலூர் தெரியுமல்லவா? உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் இருக்கிற பாடல் பெற்ற தலம். தம்பிரான் தோழர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். 2019-ஆம் வருஷம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான போது இந்த ஊரும் விழுப்புரத்திலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்தது. கோயிலின் தல விருட்சம் நாவல் மரம். வெளியே அனல் பறக்கிற நடுப்பகலிலும் பக்தஜனேசுவரர் சந்நிதிக்குள் நுழைந்தால் காலடியில் கல் குளுகுளுவென்று இருக்கிறது. தரிசனத்தை முடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பமாகிறது.

அத்தை வீடு பழைய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் சில வருஷங்களுக்கு முன்பு புதிதாகச் சேர்த்த கான்கிரீட் அறை ஒன்று. அந்த அறையில்தான் ஒன்றரை டன் ஏ.ஸி. மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. போன கோடையில் ஒரு நாள் தலை சுற்றி விழுந்துவிட்டார். "இரவிலாவது இவரைக் குளிர்ந்த அறையில் படுக்க வையுங்கள்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் போயிருந்த சமயம் அந்த ஏ.ஸி.யிலிருந்து வந்த காற்று, வெந்நீர் அடுப்புப் பக்கத்திலிருந்து வருவது போல் இருந்தது. மாமா துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே இரவைக் கழித்துக் கொண்டிருந்தார்.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ பட்டணத்துல இருக்கிறவ. எந்தக் கம்பெனி மெஷின் நல்லதுன்னு சொல்லேன். நாளைக்கு இந்த வளையலை வெச்சுட்டுப் புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்."

"ஏன் அத்தை, வாங்கி அஞ்சு வருஷந்தானே ஆச்சு?"

"கேஸ் தீர்ந்து போச்சாம். போன வருஷமும் போட்டோம், அதுக்கு முந்தின வருஷமும் போட்டோம். இனிமே போட்டாலும் நிக்காது, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அடுப்பு சிலிண்டர் மாதிரி இதுக்கும் ஒவ்வொரு வருஷமும் கேஸ் வாங்கணும்னா எங்கே போறது?"

வாசக சகோதரிகளே, அத்தையின் இந்த ஒரு கேள்வியில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிற இடம் இருக்கிறது. அடுப்பு சிலிண்டரில் உள்ள கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏ.ஸி.யில் உள்ள கேஸ் எரிவதே இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் ஓட்டை விழாத வரையில் அது பத்து வருஷமானாலும் குறையக் காரணமில்லை. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமானம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

இந்த யந்திரம் குளிரை உண்டு பண்ணுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். வாஸ்தவத்தில் அது குளிரை உண்டு பண்ணுவதில்லை. அறைக்குள் இருக்கிற உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான்.

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும் போது உஷ்ணத்தைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஏ.ஸி.யும் அதே தந்திரத்தைத்தான் செய்கிறது. சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கும் குழாயில் திரவம் ஆவியாகிறது. அறையின் உஷ்ணத்தை இழுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கிற பெட்டியில் கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. உஷ்ணம் வெளியே போய்விட, அது மறுபடியும் திரவமாகித் திரும்புகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து மூன்று யூனிட்டுக்கு நிகரான உஷ்ணத்தை வெளியே தள்ளிவிடுகிற சாமர்த்தியசாலி அது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உஷ்ணம் போகிற வழியை நாம் அடைக்கக் கூடாது.

"டன்" என்கிறோமே, அதன் கதையும் சுவாரசியமானது. யந்திரங்கள் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் ஏரிகள் உறையும் போது ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி நம் நாட்டுக்கு அனுப்பினார்கள். பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அதைச் சேமித்து வைப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பிறகு 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய கட்டிடமும் அதுவே; இன்று விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் காலத்து வழக்கம்தான் இன்னும் அளவாக நிற்கிறது. 2,000 ராத்தல், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும் போது எவ்வளவு உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுவே ஒரு டன். ஒன்றரை டன் ஏ.ஸி. என்றால் நாள் ஒன்றுக்கு சுமார் 1,360 கிலோ ஐஸ் கட்டியை அறைக்குள் இறக்கி வைத்ததற்குச் சமானம். அத்தனை உஷ்ணமும் வெளியே போக வேண்டாமா?

சோப்பு நுரை சொன்ன உண்மை

"வளையல் இன்னும் இரண்டு நாள் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்த ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து வரவழைத்தோம். இளைஞர்தான். வந்ததும் வராததுமாகக் கேஸ் உருளையைத் திறக்கவில்லை. முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தார். உள்பெட்டியின் மூடியைத் தூக்கி வலையை எடுத்தார். அது வலையா, கம்பளியா என்று தெரியவில்லை, அத்தனை தூசி! "அம்மா, இதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா முற்றத்தைப் பார்த்தார்.

பிறகு கொல்லைப்புறம் போனார். வெளிப்பெட்டிக்கு மழையும் வெயிலும் படக் கூடாதே என்று அத்தை பரிவோடு ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தியிருந்தாள். அதன் முன்னால் விறகும் வறட்டியும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. "அம்மா, இது மூச்சு விடுகிற இடம். மூக்கைப் பொத்திவிட்டு ஓடு ஓடு என்றால் எப்படி ஓடும்?" என்றார் அந்தப் பிள்ளை.

கடைசியாகச் சோப்பு நுரையைக் கரைத்துக் குழாய் இணைப்புகளில் தடவினார். ஓரிடத்தில் நுரை மெல்ல மெல்லக் குமிழ் விட்டது. இரண்டு வருஷமாகப் பணம் தப்பிப் போன இடம் அதுதான்! இணைப்பைப் புதுப்பித்தார். நைட்ரஜனை ஏற்றி, கசிவு நின்றதா என்று பார்த்தார். குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சி எடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, அதில் கண்ட ரகக் கேஸை, அதில் கண்ட எடைக்கு, தராசில் வைத்து நிறுத்து ஏற்றினார். புது யந்திரத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அன்று இரவு மாமா போர்வை கேட்டார்.

நீங்களே செய்யக் கூடியவை

அந்த மெக்கானிக்கிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வலை. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் எடுத்துக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் போதும். அழுக்கு அதிகமானால் கொஞ்சம் சோப்பு. நிழலில் நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். சமையலறைக்குப் பக்கத்து அறை, தெருப்புழுதி வருகிற அறை, பூனை வளர்க்கிற வீடு என்றால் வாரம் ஒரு தரம். அரிசி களைவதை விடச் சுலபமான வேலை. வலை அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் உள்ளே குழாயில் பனி கட்டும். பனி உருகிச் சுவரெல்லாம் ஒழுகும்.

இரண்டாவது, தண்ணீர்க் குழாய். ஏ.ஸி. ஓடும் போது வெளியே சொட்டுகிற தண்ணீர், அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். இதில் ஒரு வேடிக்கை. இன்றைய ஏ.ஸி.யின் மூதாதை மனிதர்களுக்காகப் பிறக்கவே இல்லை! 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றில் காகிதம் பூரித்தும் சுருங்கியும் வர்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் காரியர் என்ற இருபத்தைந்து வயது என்ஜினியர் அந்த யந்திரத்தை வடிவமைத்தார். வர்ணப் படம் போட்ட பத்திரிகையைப் படிக்கிற நாம் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். போகட்டும், மழைக்காலத்துக் காற்றானால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வரும். குழாய் நுனியில் குளவி கூடு கட்டினாலும் பாசி அடைத்தாலும் அது உங்கள் சுவரில்தான் இறங்கும். மாதம் ஒரு தரம் சொட்டுகிறதா என்று பாருங்கள். வாளியில் பிடித்தால் தரை துடைக்க ஆகும். குடிக்க மட்டும் ஆகாது.

மூன்றாவது, வெளிப்பெட்டி. அதைச் சுற்றிலும், முக்கியமாகக் காற்றாடிக்கு எதிரே, இடம் காலியாக இருக்கட்டும். தலைக்கு மேல் நிழல் இருக்கலாம்; முகத்தில் திரை கூடாது. பல்லியும் எலியும் உள்ளே புகுந்தால் மின்சாரப் பலகையையே எரித்துவிடும். கம்பி நுழைகிற துவாரங்களை அடைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, டிகிரி. பதினெட்டில் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.ஸி.கள் தாமாகவே 24 டிகிரியில் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைத்தாலும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. இருபத்தாறில் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழல விட்டால் உடம்புக்கும் சுகம், பில்லுக்கும் சுகம்.

ஐந்தாவது, வருஷாந்தரச் சுத்தம். மாசி, பங்குனியில், கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள்ளும் புறமும் கழுவச் சொல்லுங்கள். எர்த் கம்பியையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் சுட்டாலோ, கருகல் நாற்றம் வந்தாலோ அந்த நிமிஷமே மெயினை அணைத்துவிட வேண்டும்.

இவை உங்கள் வேலை அல்ல

கேஸ் சம்பந்தமான எதையும் நாம் தொடக் கூடாது. ஆனால் கண்ணால் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மெக்கானிக் "கேஸ் குறைவு" என்றால், "கசிவு எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். குழாயைச் சோதிக்க ஆக்ஸிஜன் உருளையைக் கொண்டுவந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன்தான் சரி. இப்போது வருகிற ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது நன்றாகவே பற்றும். ஆகையால் வேலை நடக்கும் போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி எதுவும் வேண்டாம்.

பழைய ஆர்-22 கேஸ், பூமிக்குக் குடை பிடிக்கிற ஓஸோன் படலத்தை அரிப்பது. 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நம் நாடும் அதைக் கைவிட்டு வருகிறது. ஆர்-32 ஓஸோனுக்குக் கெடுதல் செய்யாது; ஆனால் காற்றில் கலந்தால், ஒரு கிலோ சுமார் 675 கிலோ கரியமில வாயுவின் உஷ்ணத்தைப் பூமியில் தேக்கும். அத்தை வீட்டுக் கொல்லையில் கசிந்தது அத்தையின் பணம் மட்டும் அல்ல.

வீடும் ஒரு யந்திரந்தான்

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்த போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பழைய ஓட்டு வீடும் இதே வேலையைத்தான் இத்தனை காலமாகச் செய்து வந்திருக்கிறது. கீழே ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைகிறது; சூடான காற்று மேலே எழும்பி முற்றத்து வழியாகவும் ஓட்டு இடுக்குகள் வழியாகவும் போய்விடுகிறது. கான்கிரீட் அறையோ பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அதை நம் மேல் கக்குகிறது. மாமாவின் ஏ.ஸி. தினமும் அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது.

ஆகவே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சோ அடியுங்கள். மேற்குச் சுவருக்கு ஒரு மரம் வையுங்கள். மரம் நிழல் தருவதோடு இலை வழியே நீராவி விட்டு, பானை செய்கிற உபகாரத்தையும் செய்கிறது. நாவல் மரத்தைத் தலவிருட்சமாக வைத்துக் கும்பிட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பகலில் வெயில் படும் ஜன்னலுக்குத் திரை. விடியற்காலையில் எல்லாக் கதவையும் திறப்பு. ஏ.ஸி. அறைக்கும் இது பொருந்தும். அது வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. தினமும் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஏர்கூலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பானையின் நேர் வாரிசு; வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். கடற்கரை ஊர்களிலும், ஐப்பசி கார்த்திகையிலும் புழுக்கத்தைத்தான் கூட்டும். அதன் தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் குடித்தனம் செய்யும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

"எங்களுக்குக் குளிர்தானே பிரச்னை" என்று மலைப் பக்கத்துச் சகோதரிகள் கேட்கலாம். இதே மாவட்டத்தில் கல்வராயன் மலையில் மார்கழி இரவுகளில் தணல் பக்கத்தில் உட்காரத்தான் தோன்றும். அங்கேயும் இதே விதிதான். குளிர் தாங்காமல் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன செய்திகளைக் கொடைக்கானல் பக்கமிருந்து படித்திருக்கிறோம். கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தணலை வெளியே வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். கேஸில் எரிகிற வெந்நீர்ச் சாதனமும் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை சொல்கிறேன்?

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைவு. வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் அவர்களைக் காப்பாற்றாது, அனலையே வீசும். 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால், நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தப்பியவருக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது. இப்படி ஒரு நாள் வராமல் இருக்கத்தான் அந்தத் தூசி படிந்த வலையைப் பற்றி இத்தனை பேச்சு.

நான் புறப்பட்ட அன்று காலையில் அத்தை கொல்லையில் வறட்டியை எல்லாம் எதிர்ச் சுவர் ஓரமாக மாற்றி அடுக்கிக் கொண்டிருந்தாள். கையில் வளையல்கள் கலகலவென்று ஒலித்தன. மாமா உள்ளே இன்னும் தூங்கிக் கொண்டிருந்தார்.

"பஞ்சாங்கத்துல குறிச்சு வெச்சிருக்கேன், பாரு" என்று காட்டினாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நேரே, "வலை கழுவ" என்று எழுதியிருந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தரம்! இதைவிட நல்ல கணக்கு எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லை.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறி எங்கள் வீட்டு ஏ.ஸி.யைத் திறந்து பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்களும் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, ஒரு தரம் ஏறிப் பாருங்களேன்!